போட்டுறச் சொன்னாங்க

அந்த முந்தானையில ஒட்டியிருக்கறது பூனை மசுருங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க. சேலை நல்ல சேலை, அதான் கேட்டேன். கருத்த சேலையில வெள்ளை மசுரு பளிச்சுனு தெரியுதுங்க. துவைச்சாலும் போகாது. எங்கூட்டுத் துணி முச்சூடும் இப்படித்தான் கெடக்கும். ஒரு விசேசத்துக்குப் போனா, பக்கத்துல உக்காந்தவிய மூக்கைப் புடிச்சுட்டு நவுந்து உக்காருவாங்க. நானும் தெரியாத மாதிரி உக்காந்திருப்பேன்.

சித்த அக்கட்ட நவுந்துக்கறீங்களா அம்மிணி? பாத்தீங்களா, அம்மிணின்னு சொல்லிப்போட்டேன். எங்கூட்டுல அது பூனை பேருங்க. சிரிக்காதீங்க, நெசந்தான். எங்க பக்கம் பொம்பளைப் புள்ளைகளை அம்மிணிம்போம், பையனை அப்புனும்போம். எங்க நங்கையா ரெண்டு பூனைக்கும் அந்தப் பேரை வெச்சுப்போட்டாங்க. அப்பறம் நான் பெத்த பையனை நான் என்னன்னுங்க கூப்பிடறது? "அப்புனு, சோறு திங்க வா"ன்னா பூனை வந்து வட்டலுக்கு முன்னால நிக்குது. பையன் மொறைச்சுட்டுப் போயிருவான். பக்கத்து ஊட்டுக்காரங்க "அப்புனுக்கு ஒண்ணுக்குப் போகலைன்னு நங்கையா அழுதாங்களே, பையனுக்கு என்னாச்சு"ன்னு என்னைய வந்து கேப்பாங்க. அந்தக் கூத்தெல்லாம் நடந்துச்சுங்க.

நங்கையான்னா எங்கூட்டுக்காரரோட அக்கா. துளசிமணின்னு பேரு. கட்டிக்குடுத்த எடத்துல ஒத்து வராம சின்ன வயசுலயே திரும்பி வந்துட்டாங்க. பால் சொசைட்டியில வேலை. கேன் கழுவற எடத்துல ரெண்டு குட்டிக கெடந்துச்சுன்னு ஒரு நாள் மடியில போட்டுக் கொண்டாந்தாங்க. கண்ணுகூடத் தொறக்கலை. பஞ்சுல பாலை நனைச்சுப் புழிஞ்சு வளத்துனாங்க. ரிட்டேர்டு ஆன பொறவு அதுகதான் அவியளுக்குப் பொழப்பு.

இப்பவும் அவியளைப் பாக்கத்தானுங்க போறேன். அன்னூருக்கு அக்கட்ட வயசானவியளை வெச்சுப் பாத்துக்கற இல்லம் ஒண்ணு இருக்குதுல்லங்க, அங்கதான் இருக்கறாங்க. சொட்டு மருந்தும் சேலையும் குடுத்துட்டு வரச் சொல்லி எங்கூட்டுக்காரர் தாட்டி விட்டாரு. அவரு வர மாட்டாரு. அக்கா மூஞ்சியைப் பாக்க அவருக்கு ஆகாதாம். எனக்கென்னுங்க? நான் என்ன தப்புப் பண்ணுனேன், மூஞ்சி பாக்கக் கூசறதுக்கு?

டிக்கெட்டுங்களா? வாங்கியாச்சுங்க.

ஏன் ஊட்டை விட்டுப் போனாங்கன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கலையா? சரி, இருக்கட்டும், நானே சொல்றேன். ஊர்ல வேற மாதிரி பேசிக்கறாங்க. ரூமுக்காக நான் தொரத்திப்போட்டேனாம். ரூமு எனக்கு எதுக்குங்க? பையனுக்குக் கல்யாணம் ஆச்சுன்னா ஒரு ரூமு வேணும், அது வேற விசயம். நான் யாரையும் போகச் சொன்னதில்லைங்க. நான் பொய் சொல்றவளும் இல்லீங்க. எங்கப்பன் ஊட்டுல அதைத்தான் சொல்லிக்குடுத்து வளத்துனாங்க. உள்ளதைச் சொல்லுவேன். கேட்டா.

மொதல்ல சீக்கு வந்தது அம்மிணிக்குங்க. வயசாகிப்போச்சு. பால் மடியில கட்டி. நெல்லிக்காயாட்டம் இருந்தது, அப்பறம் அது ஒடஞ்சு புண்ணாகி, நாத்தம்னா அப்படி நாத்தம். நங்கையாளுக்கு மட்டும் அது நாறாதுங்க. கொதிச்ச தண்ணியை ஆற வெச்சு, பஞ்சுல தொட்டுத் தொட்டுத் தொடைப்பாங்க. நக்கக் கூடாதுன்னு எங்கூட்டுக்காரர் பனியனை வெட்டி, நாலு காலும் போற மாதிரி ஓட்டை வெச்சு, அளவாத் தெச்சு மாட்டி விட்டாங்க. பொங்கலுக்கு எடுத்த பனியனுங்க. நான் ஒரு வார்த்தை சொல்லலையே. "புள்ளைக்கு நல்லா இருக்குதுங்க நங்கையா"ன்னேன். அவியளும் சிரிச்சுட்டே பூனையைத் திருப்பித் திருப்பிக் காட்டுனாங்க.

அந்த வாரந்தான் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்க. ஆசுபத்திரியில படுத்துக் கெடக்கறேன். நங்கையா வந்தாங்க. உக்காரக்கூட இல்லை. பெட்டுக் கம்பியைப் புடிச்சுட்டு நின்னுக்கிட்டே, "சாந்தா, அம்மிணிக்கு மூச்சு வாங்குது, ஒரு எட்டு பாத்துட்டு வந்தர்றேன்"ன்னாங்க. போனவிய போனவியதான். மக்யா நாள் எங்கூட்டுக்காரர் வந்து சொல்றாரு, பூனை செத்துப்போச்சாம், காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் அக்கா அதைக் கையிலயே வெச்சுட்டு உக்காந்திருந்தாங்களாம், மூச்சு நின்ன பொறவும் கீழ விடலையாம். சொல்லிட்டு அவரும் கண்ணைத் தொடைக்கறாரு. எனக்குக் கஞ்சி வாங்கிக் குடுத்தது பக்கத்துப் பெட்டுக்காரம்மாங்க. யாரு பெத்தவியளோ.

நான் அதை மனசுல வெச்சுக்கலை. இப்ப வாய்ல வந்துச்சு, சொன்னேன். ஊட்டுக்கு வந்த பொறவு நங்கையா என்னைய நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க, அதையும் சொல்லோணுமல்ல. ரசம் வெச்சுக் குடுத்தாங்க, தலைக்குத் தண்ணி ஊத்தி விட்டாங்க, என்னைய ஒரு சொம்பு தூக்க விடலை. எல்லாம் பண்ணுனாங்க. அந்தக் கையிலதானுங்களே பூனைப் புண்ணைத் தொடைச்சதுன்னு ஒவ்வொரு வாய்க்கும் தோணும். அதை நான் சொல்லலை, அவியளும் கேக்கலை.

அப்பறம் அப்புனு. அது கெடாப் பூனை, நல்ல ஆகிருதியா இருக்கும். இருந்திருந்தாப்புல தண்ணியாக் குடிக்க ஆரம்பிச்சுது. பக்கெட்டுல வாயை வெச்சா எடுக்காது. இந்தக்கட்டக் குடிக்கும், அந்தக்கட்ட ஒண்ணுக்குப் போகும். ஒடம்பு வத்திப்போச்சு. வெறும் நொரையா வாந்தி. வாய்க்குள்ள புண்ணு. டாக்டர் பாத்துட்டு கிட்னி போச்சுன்னுட்டாரு. எங்கூர்ல தனியா ஆசுபத்திரி வெச்சிருக்கற டாக்டருங்க, சின்ன வயசுதான், தன்மையாப் பேசுவாரு. குணமாகாதும்மா, ஆனா தெனமும் தோலுக்கடியில ட்ரிப்ஸ் ஏத்துனா கொஞ்ச நாளைக்கு ஓட்டலாம்னு சொன்னாரு. எப்படி ஏத்தறதுன்னும் காட்டிக் குடுத்தாரு.

அன்னையில இருந்து எங்கூட்டுல ஊசின்னா அதுதானுங்க. "சாந்தா, ஊசி போட்டுட்டு வந்தர்றேன்." "சாந்தா, ஊசி போடற நேரம், டிவியை மெதுவா வைய்யி." "இன்னைக்கு ஊசி போட்ட பொறவு ஒரு வாய் மீன் தின்னுச்சு சாந்தா." இட்லிக்கு மாவு ஆட்டோணுங்கற மாதிரி, ஊசி போடோணும். ஒறம்பரைக்குப் போனா சாப்பாட்டுக்கு முன்னால எந்திரிச்சுருவாங்க, ஏனுங்கன்னா ஊட்டுல ஊசி போடோணும். கேக்கறவிய இவியளுக்குத்தான் சக்கரைன்னு நெனச்சுக்குவாங்க.

அதைப் பாக்கோணுமே நீங்க. அந்த பாட்டலைச் சுடுதண்ணியில போட்டு வெதுவெதுன்னு ஆக்கி, கன்னத்துல வெச்சுப் பாப்பாங்க. ஜன்னல் கம்பியில தொங்க விட்டுட்டு, கீழ சம்மணம் போட்டு உக்காந்து, துண்டுல சுத்தி மடியில வெச்சுக்குவாங்க. பிடரித் தோலைப் புடிச்சுத் தூக்கி, ஊசியைக் குத்திட்டு, "ஆச்சு, ஆச்சு, ஆச்சுடா தங்கம்"னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அது கண்ணை மூடிட்டு மடியில கெடக்கும். தண்ணி எறங்க எறங்க தோளுல திமிலு மாதிரி பொடச்சுக்கும். முடிஞ்ச பொறவு அவிய மணிக்கட்டை நக்கிக் குடுக்கும். எங்கூட்டுக்காரர் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு அதையே பாத்துக்கிட்டிருப்பாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆப்ரேசன் பண்ணி வந்து நான் கெடந்தனே, என்னைய யாராச்சும் அப்படிப் பாத்தாங்களாங்க?

ஒரு நாள் நானும் ஒட்டுக்கா டாக்டர்கிட்டப் போனேன். உள்ள நங்கையா பூனையை எடை போட்டுட்டு இருக்கறாங்க, நான் வெளிய பெஞ்சுல. ஒரு ஆளு கெழட்டு நாயைத் தூக்கிட்டு வந்திருந்தாரு, பின்னங்கால் ரெண்டும் விழுந்துபோச்சு. டாக்டர் வெளிய வந்து பாத்துட்டு, அந்த ஆளு தோள்ல கைய வெச்சு, "ஊசி போட்டுறலாங்க"ன்னாரு. அந்த ஆளு தலையை ஆட்டுனாரு. சித்த நேரத்துல சாக்குல சுத்திக் கொண்டாந்துட்டாரு. அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது, ஊசியில ரெண்டு இருக்குதுன்னு. நங்கையா வெளிய வந்தாங்க, "என்ன சாந்தா, ஒரு மாதிரி இருக்கறே"ன்னாங்க. ஒண்ணுமில்லீங்கன்னுட்டேன்.

இந்தக் காத்து மூஞ்சியில அடிக்குதுங்க, ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க. ஆங், போதும்.

அப்பறம் நங்கையாளுக்குக் கண்ணு. ரெண்டு கண்ணுலயும் பொறை. தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தாங்க, இவனை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு. ஊசி குத்தற எடம் தெரியாம ஒரு நாள் அவிய வெரல்லயே குத்திக்கிட்டாங்க. அதுக்கு மேல எங்கூட்டுக்காரர் விடலை. கோயமுத்தூர்ல ஒரு கண்ணாசுபத்திரியில பேசி, அவரே கூட இருக்கறேன்னு சொல்லிக் கௌப்பிட்டாரு. நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க, பூனையை நான் பாத்துக்கறேன்னு நான்தானுங்க சொன்னேன். சொன்னேனா இல்லையான்னு யாரை வேணும்னாலும் கேளுங்க. நங்கையாளுக்கு அப்படியொரு சந்தோசம். என் கையைப் புடிச்சுக்கிட்டு எப்படிக் குத்தறது, எப்ப நிறுத்தறதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. வாசல்ல எறங்கிப் போனவிய திரும்பி வந்து, "எது ஆனாலும் தனியா மட்டும் விட்டுறாதே சாந்தா. சாகற சீக்குன்னு எனக்குந் தெரியும். போறது போகட்டும். பயந்துக்கிட்டுப் போகக் கூடாது. நம்ம கை மேல இருந்தாப் போதும், அது பயப்படாது"ன்னாங்க. சரிங்கன்னேன்.

மொத நாளு போட்டேனுங்க. போடலைன்னு யாரும் சொல்லக் கூடாது. குத்துன ஒடனே அந்தப் பூனை என்னைய என்ன பாடு படுத்துச்சு தெரியுங்களா? இங்க பாருங்க, இந்தத் தழும்பு. அவிய மடியில அப்படிக் கெடக்கறது, என் கையில பேயாட்டம் ஆடுச்சு. மக்யா நாள் பாட்டலைப் பாத்ததும் கட்டிலுக்கடியில பூந்துக்கிச்சு. நான் குனியக் கூடாதுங்க, ஆப்ரேசன் பண்ணுன ஒடம்பு. விட்டுட்டேன். ஊடெல்லாம் நொரையாக் கக்கி வெக்குதேன்னு தொடப்பக்குச்சியில தள்ளி, பாத்ரூமுக்குள்ள விட்டுச் சாத்துனேன். பக்கெட்டுல தண்ணி இருந்துச்சு. சோறும் வெச்சேன். திங்கலைன்னா அது அது இஷ்டமுங்க.

அன்னைக்குப் போன் பண்ணுனாங்க. "எல்லாம் நடக்குதா சாந்தா?"ன்னாங்க. நடக்குதுங்கன்னேன். நடந்துட்டுத்தானுங்களே இருந்துச்சு, பாத்ரூமுக்குள்ள, அந்தச் செவுத்துக்கும் இந்தச் செவுத்துக்கும். ஊசி போட்டியான்னு கேட்டிருந்தா இல்லீங்கன்னு சொல்லியிருப்பேன். கேக்காததைச் சொல்லி, நாளைக்குக் கண்ணு ஆப்ரேசன் வெச்சுக்கிட்டிருக்கறவியளை எதுக்குங்க கலவரப்படுத்தோணும்?

அவியளுக்கு ஆப்ரேசன் முடிஞ்ச அன்னைக்குக் கதவைத் தொறக்கறேன், ஈரத்துல சுருண்டு கெடக்குது. தொட்டா சில்லுனு இருக்குது. கண்ணு மட்டும் என்னையவே பாக்குது. ஊட்டுல செத்துச்சுன்னா என் தலையிலதானுங்க விடியும்? சாந்தாமணி கொன்னுபோட்டான்னு ஒறம்பரை முச்சூடும் பேசும். அதனால துணிக்கூடையில போட்டு, ஆட்டோ புடிச்சு, டாக்டர்கிட்டக் கொண்டு போனேன். யாருங்க அவ்வளவு பண்ணுவாங்க, அடுத்தவிய பூனைக்கு?

டாக்டர் பாத்துட்டு, என்னங்கம்மா திடீர்னு இப்படி ஆயிருச்சுன்னாரு. ஆயிருச்சுங்கன்னேன். ஒடம்பு முழுக்க விசம் ஏறிப்போச்சு, இதுக்கு மேல கஷ்டப்படுத்த வேண்டாம், ஊசி போட்டுறலாம், ஆனா அவங்களை ஒரு வார்த்தை கேட்டுருங்க, அவங்க புள்ளை மாதிரி வளத்துனதுன்னாரு. நாயத்தைப் பேசறவருங்க.

எங்கூட்டுக்காரர் போனுக்கு அடிச்சேன். அவரு நங்கையாகிட்டக் குடுத்தாரு. கண்ணுல கட்டுப் போட்டுப் படுத்திருக்கறாங்க. "நங்கையா, அப்புனுக்குச் சித்த முடியலைங்க. டாக்டர்கிட்டக் கொண்டாந்திருக்கேன். ஊசி போட்டுறலாமாங்கறாருங்க"ன்னேன். டாக்டர் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். ஒண்ணு கூட்டலை, ஒண்ணு கொறைக்கலை. நங்கையா என்ன சொன்னாங்க தெரியுங்களா? "நல்லது பண்ணுனே சாந்தா. போட்டுறச் சொல்லு. நீ போடறதுக்கு அவரு போட்டா வலிக்காது. தாமசம் பண்ணாம போட்டுறச் சொல்லு"ன்னாங்க.

போட்டுறச் சொல்றாங்கன்னேன், டாக்டர்கிட்ட. வலிக்காதுல்லன்னும் கேக்கறாங்கன்னேன். "வலிக்காதும்மா, தூங்கற மாதிரி போயிரும்"னு அவரு சொல்லிட்டு, ஒரு நிமிசம் யோசனை பண்ணி, "அவங்களுக்கு நல்லாப் புரிஞ்சுதுங்களா? போனைக் குடுங்க, நான் ஒரு வார்த்தை பேசறேன்"னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன். கண் ஆப்ரேசன் பண்ணிப் படுத்திருக்கறாங்க சார், நீங்க பேசுனீங்கன்னா அழுவாங்க, அழுதாக் கண்ணு போயிரும், நான் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறேன்னேன். அதுவும் நெசந்தானுங்களே? அழுதாக் கண்ணுக்கு ஆகாதுன்னு கண்ணாசுபத்திரியிலயே சொல்லித்தான் விட்டிருக்கறாங்க. அப்பறம் போட்டாரு. அவ்வளவுதானுங்க. நான் பண்ணுனது இவ்வளவுதான்.

தூக்கிட்டுப் போறீங்களான்னு கம்பவுண்டர் கேட்டாரு. வேண்டாம், நீங்களே பாத்துக்குங்கன்னு கூடையைக்கூட அங்கயே விட்டுட்டு வந்துட்டேன். அந்தக் கூடையை இனி எதுக்குங்க வெச்சுக்கறது?

நங்கையா கருப்புக் கண்ணாடி போட்டுட்டு வந்து எறங்குனாங்க. ஊட்டுக்குள்ள கால் வெக்கறப்பவே "அப்புனு, அம்மா வந்துட்டேன்"னு கூப்பிட்டாங்க. எங்கூட்டுக்காரருக்கும் அது வரைக்கும் தெரியாதுங்க. கட்டிலைத் தடவறாங்க, ஜன்னல் திண்டைத் தடவறாங்க. "எங்க சாந்தா, டாக்டர் அங்கயே வெச்சிருக்கறாரா?"ன்னாங்க. நான் காப்பித் தண்ணியைக் கையில குடுத்துட்டு, "நீங்கதானுங்களே நங்கையா போட்டுறச் சொன்னீங்க"ன்னேன்.

"ஆமா, ஊசி போடச் சொன்னேன்"னாங்க.

"அந்த ஊசிதானுங்க"ன்னேன்.

அவியளுக்கு வெளங்கறதுக்குச் சித்த நேரம் ஆச்சு. டம்ளரைக் கீழ வெச்சாங்க. "நான் சொல்லித்தான் போட்டிருக்கறாங்க"ன்னு ஒரு தடவை சொன்னாங்க. யாருகிட்டச் சொன்னாங்கன்னு தெரியலை. வாய் கோணுச்சு. நான் ஓடிப் போயித் தோளைப் புடிச்சு, "அழுவக் கூடாதுங்க நங்கையா, அழுதாக் கண்ணு போயிரும்"னேன். எங்கூட்டுக்காரரும் "அழுவாதீங்கக்கா"ன்னாரு. அழுவலைங்க. நெம்ப சொல் பேச்சுக் கேட்டாங்க. கையை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. சொட்டு மருந்து நான்தான் விட்டேன், வேளை தவறாம. கன்னத்துல வழியும். அழுவறீங்களான்னு கேட்டா, மருந்தும்பாங்க. தொடைச்சு விடுவேன்.

அதுக்கப்பறந்தானுங்க எனக்குக் கஷ்டமே. என்னையத் திட்டியிருந்தாக்கூட மனசு ஆறும். திட்டலை. வர்றவிய போறவியகிட்டயெல்லாம், "சாந்தா மேல தப்பில்லை, போட்டுறச் சொன்னது நான்தான்"னு அவியளே சொன்னாங்க. சொன்னா யாரு நம்பறாங்க? அவிய அப்படிச் சொல்லச் சொல்ல, கேக்கறவிய என்னையத் திரும்பிப் பாக்கறாங்க. எங்கூட்டுக்காரர் எங்கிட்டப் பேச்சையே கொறைச்சுட்டாரு. நங்கையா சோறு போட்டாத் திங்கறது, தண்ணி வெச்சாக் குடிக்கறது. ஒரு நாள் "சாந்தா, நான் இங்க உக்காந்துக்கட்டுமா?"ன்னு கேக்கறாங்க. அவிய அப்பன் கட்டுன ஊட்டுல! எங்கூட்டுக்காரர் எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. இதெல்லாம் என்னைய மாட்டி விடறதுக்குப் பண்றதுதானுங்களே? நீங்களே சொல்லுங்க.

அப்பறம் அவியளே சொசைட்டியில கூட வேலை பார்த்த ஒருத்தர் மூலமா இந்த இல்லத்துல பேசிக்கிட்டாங்க. நான் போக வேண்டாம்னுதான் சொன்னேன். கௌம்பற அன்னைக்கு ஆட்டோ நிக்குது. பொட்டியை ஏத்தியாச்சு. எங்கூட்டுக்காரர் கேட்டுப் பக்கத்துல நிக்கறாரு. நங்கையாளுக்குக் கண்ணு இன்னும் முழுசாத் தெளியலை, என் கையைத் தேடிப் புடிச்சுக்கிட்டாங்க. "சாந்தா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த நேரத்துல நீ அதைக் கையில வெச்சிருந்தியா?"ன்னாங்க. இத்தனை நாளும் இதைக் கேக்கலைங்க பாத்துக்கங்க. மனசுக்குள்ளயே வெச்சிருந்திருக்கறாங்க.

அக்கா முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டு எங்கூட்டுக்காரர் எனக்குக் கையைக் காட்டறாரு. ஆமான்னு சொல்லுங்கறாரு. கையெடுத்துக் கும்பிடறாரு. என்னையப் பொய் சொல்லச் சொல்றாருங்க, அதுவும் பெரியவியகிட்ட, போறப்ப! எங்கப்பன் ஊட்டுல அப்படி வளத்தலை.

"இல்லீங்க நங்கையா. டாக்டர் கூப்பிட்டாரு, தெரிஞ்ச கை இருந்தாப் பயப்படாது, வந்து புடிச்சுக்கங்கன்னு. எனக்குத் தலை வலிச்சுது, டீ குடிக்கப் போயிட்டேன். அது கத்துனது டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு. அப்பறம் நின்னுபோச்சு"ன்னேன்.

கையை விட்டுட்டாங்க. ஆட்டோவுல ஏறக் கால் வெக்க எடம் தெரியாம தடவுனாங்க. எங்கூட்டுக்காரர் புடிக்கப் போனாரு, வேண்டாம்னுட்டாங்க. ஆட்டோக்காரர்தான் புடிச்சு ஏத்துனாரு. அன்னைக்கு எனக்கு மனசு லேசாகிப்போச்சுங்க. உள்ளதைச் சொன்னா அப்படித்தான்.

என்னுங்க? என்ன கேட்டீங்க? பஸ் சத்தத்துல கேக்கலை.

தெனமும் அந்த ட்ரிப்ஸைப் போட்டிருந்தா, அவிய வர்ற வரைக்கும் அது உசுரோட இருந்திருக்குமான்னா?

இருந்திருக்குமுங்க. டாக்டர் அதைத்தானுங்க அன்னைக்கு எங்கிட்டச் சொன்னாரு, போன தடவை வந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு, இன்னும் நாலு மாசம் தாராளமா ஓடியிருக்குமேன்னு. நான் போடலைங்கறது நங்கையாளுக்குத் தெரியாது. அதை அவிய கேக்கவே இல்லீங்களே. பாத்ரூமையும் கேக்கலை. போட்டுறச் சொன்னதையே நெனச்சுட்டு உக்காந்திருக்கறாங்க.

பாருங்க, நீங்க கேக்கப் போயித்தான் எனக்கே இது தோணுது. பாவம், அவியளே கொன்னுபோட்டதா நெனச்சுக்கிட்டிருக்கறது எதுக்குங்க? இன்னைக்குப் போனதும் உக்கார வெச்சு, ஒண்ணு விடாமச் சொல்லிப்போடறேன். இப்பத்தான் கண்ணு ஆறிப்போச்சே, அழுதாலும் ஒண்ணும் ஆகாது.